சும்மாவும் சும்மாடும்

அந்த லாரியை நான் முதன்முதலில் பார்த்தபோது அது நான்கு பூட்ஸ் குதிகால்களாக இருந்தது. கொல்லிமலை முகாம் பங்களாவில், ஓவர்சியரின் மேஜைமேல் அவை வரிசையாகக் கிடந்தன. நான் வேலையில் சேர்வதற்கான உத்தரவை அவரிடம் நீட்டினேன். இடது கையால் வாங்கி, படிக்காமலே மைக்கூட்டின் அடியில் செருகிவிட்டு, வலது கையிலிருந்த ரப்பர் குதிகாலைத் தூக்கிக் காட்டி, "இது வட்டமா இருக்குதா, பாரும்" என்றார். வட்டமாக இல்லை. ஆனால் எனக்கு வயது இருபத்திரண்டு, உத்தியோகம் புதிது. வட்டமாகத்தான் இருக்கிறது என்றேன். "குமாஸ்தா வேலைக்குச் சரியான ஆளைத்தான் அனுப்பியிருக்காங்க" என்று சொல்லிவிட்டு, அரத்தை எடுத்து மறுபடியும் ராவத் தொடங்கினார். அது பாராட்டா வசவா என்று அன்றைக்கு விளங்கவில்லை. இருபது வருஷம் குமாஸ்தாவாக இருந்த பிறகு விளங்கிவிட்டது.

அந்தக் குதிகால்கள் லாரிச் சக்கரங்களாக மாறப்போகின்றன என்று அவர் சொன்னபோது நான் சிரிக்காமல் இருந்ததற்குக் காரணம் மரியாதையல்ல, மூச்சு வாங்கியதுதான். சேந்தமங்கலத்துப் பக்கமிருந்து காலையில் ஏறத் தொடங்கி அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தேன். மலைமேல் சக்கரம் என்று பேர்சொல்ல எதுவும் கிடையாது. உப்பு, மண்ணெண்ணெய், துணி எல்லாம் மனிதர் தலையில் ஏறும். மிளகு, தேன், பலாப்பழம், சாமை எல்லாம் மனிதர் தலையில் இறங்கும். என் டிரங்குப் பெட்டியும் அப்படித்தான் ஏறியது. அதைத் தம் தலையிலிருந்து இறக்கி வைத்தவரை எல்லாரும் சுமைக்கவுண்டர் என்றார்கள். முப்பது சுமைக்காரர்களுக்குத் தலைவர் அவர். எந்தச் சுமை யார் தலைக்கு, யார் எந்த வழியில் இறங்குவது என்பதெல்லாம் அவர் வாக்கு. நாற்பது வயதுக்கு உட்பட்டவர். கழுத்து மட்டும் தனியாக ஒரு ஆள் மாதிரி இருக்கும். பெட்டிக்குள் என்ன இத்தனை கனம் என்று கேட்டார். புஸ்தகம் என்றேன். "அத்தனையுமுங்களா?" என்று கொஞ்சநேரம் பெட்டியைப் பார்த்துவிட்டு, "படிச்சது போவ மீதிங்களா, கண்ணு?" என்றார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை நேர்மையான பதில் ஒன்றை நான் தயார் செய்யவில்லை.

ஓவர்சியருக்கு அப்போது நாற்பத்தைந்து வயதிருக்கும். மனைவி மக்கள் சேலத்தில், அவர் மலையில். மலைப்பாதைகளைச் செப்பனிடுவது அவர் உத்தியோகம். அந்த உத்தியோகத்தில் முடிந்த வேலை என்று ஒன்று கிடையாது. சித்திரையில் அடுக்கிய கல்தடுப்பை ஐப்பசி மழை உருட்டிக்கொண்டு போகும். தையில் அதே கல்லைப் பொறுக்கி வந்து அதே இடத்தில் அடுக்குவோம். 'வேலை முடிந்தது' என்று பதிவேட்டில் நான் எழுதும்போதெல்லாம் அவர் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்ப்பார். லாரி செய்வதிலும் அவருக்கு இதே கதிதான் நேர்ந்திருந்தது. இதற்கு முன் மூன்று லாரிகள் தொடங்கி, மூன்றும் பாதியில் போயின. ஒன்று இடமாற்றத்தின்போது மூட்டை கட்டியதில் நசுங்கியது; ஒன்று மாட்டுவண்டியிலிருந்து விழுந்தது; மூன்றாவதன்மேல் மைத்துனர் உட்கார்ந்துவிட்டார். நாலாவதையாவது முடித்துவிட வேண்டும், 'முடிந்தது' என்று எழுதினால் மறுவருஷமும் முடிந்ததாகவே இருக்கிற பொருள் ஒன்றை வாழ்நாளில் செய்து பார்த்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. இதை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் லாரியைத் துணியால் மூடும்போது அவர் கை போகிற பக்குவத்தைப் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அடிக்கு ஓர் அங்குலம் என்பது அளவு. பதினெட்டு அடி லாரி பதினெட்டு அங்குலம். கண்ணுக்குத் தோன்றியபடி எதையும் செய்யமாட்டார், அளந்ததைத்தான் செய்வார். உடம்புக்குப் பலாமரம், மட்கார்டுக்கு மண்ணெண்ணெய் டின் தகரம். இஞ்சினிலிருந்து பின்சக்கரத்தைச் சுற்றுகிற சங்கிலிக்காகத் தம் பாக்கெட் கடிகாரத்தின் சங்கிலியை அறுத்தார். அதற்குப் பிறகு கடிகாரம் மேஜைமேலேயே கிடந்தது, மணி பார்க்கவேண்டுமென்றால் எங்கிருந்தாலும் பங்களாவுக்குத் திரும்பி வரவேண்டும். ரேடியேட்டரின் முன்கம்பிகளுக்கு என் சீப்பின் பற்கள் போயின. அப்போதெல்லாம் எனக்குச் சீப்புத் தேவைப்பட்டது. நானும் ஒருநாள் உதவுகிறேன் என்று துளையிடும் ஊசியைக் கையில் எடுத்து, பலகையைத் துளைத்து, மேஜையையும் துளைத்து, சுட்டுவிரலில் போய் நின்றேன். அன்றிலிருந்து எனக்கு இட்ட வேலை, அளவுக் குறிப்பேட்டிலிருந்து எண்களை உரக்க வாசிப்பது மட்டுமே.

அந்த எண்கள் வந்தவிதம் வேறு கதை. முந்திய பெரிய யுத்தம் முடிந்தபின் மலிவாக விலைக்கு வந்த ராணுவ லாரி ஒன்று அடிவாரத்து மண்டிக்குச் சரக்கெடுக்க வந்துகொண்டிருந்தது. மாதம் ஒருமுறை நாங்கள் கீழே இறங்கும்போதெல்லாம் ஓவர்சியர் அளவு நாடாவும் பென்சிலுமாக அதனடியில் புகுந்துவிடுவார். ஒருநாள் பின் அச்சை அளப்பதற்காக மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்துபோனார். வெளியே முழங்காலுக்குக் கீழே மட்டும் தெரிந்தது. டீ குடிக்கப் போயிருந்த டிரைவர் திரும்பிவந்து அந்தக் கால்களைப் பார்த்தார். கையிலிருந்த பீடி விழுந்தது. "ஐயோ சாமி! நான் வண்டியவே கிளப்பலீங்க! நின்ன வண்டி, நின்ன வண்டிங்க!" என்று மண்டி முழுக்கக் கேட்கக் கத்தினார். கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் தண்ணீர்ச் செம்போடு ஓடிவந்தார். ஒரு அம்மாள் அழவே தொடங்கிவிட்டாள். லாரிக்கடியிலிருந்து அமைதியான குரல் ஒன்று வந்தது. "குமாஸ்தா, எழுதும். ரெண்டு அடி, நாலே கால் அங்குலம்." நான் எழுதினேன். செத்தவர் சொல்ல உயிரோடிருப்பவன் எழுதுவதைச் சேந்தமங்கலத்துக்காரர்கள் அன்றுதான் முதலில் பார்த்திருப்பார்கள்.

கீழே இருந்தவர்களுக்கு அவர் பைத்தியமாகத் தெரிந்தார். அதில் தொந்தரவில்லை, பைத்தியத்தைக் கீழ்நாட்டார் சும்மா விட்டுவிடுவார்கள். மலையிலிருந்தவர்கள் அவரைப் பைத்தியம் என்று ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை. அங்கேதான் தொந்தரவு தொடங்கியது.

பங்களாவுக்குத் தண்ணீர் கொண்டுவரும் அம்மாள் ஒருநாள் குடத்தை இறக்கிவைத்துவிட்டு லாரியைக் கூர்ந்து பார்த்தாள். அதற்குள் அது லாரி என்று அடையாளம் தெரிகிற நிலைக்கு வந்திருந்தது. "ஏனுங்க சாமி, இது எதுக்குங்க?" என்று கேட்டாள். "சும்மாதான் அம்மா" என்றார் ஓவர்சியர். "சும்மாவுங்களா" என்று தலையை ஆட்டிக்கொண்டே போனாள். மறுநாள் காலையில் லாரியின் ரேடியேட்டரில் பெரிய குங்குமப்பொட்டு ஒன்று இருந்தது. வர்ணம் கெட்டுவிட்டதென்று ஓவர்சியர் குதித்தார். அவள் அசையவில்லை. "வேண்டுதல் சாமானைப் பொட்டு வெக்காம மூளியா வெச்சிருக்கலாமுங்களா? தாங்களோ தனியா இருக்கறீங்க, நாலு நல்லது சொல்ல ஊட்டுல பொம்பளை இல்லை" என்று அவருக்கே புத்தி சொல்லிவிட்டுப் போனாள்.

விஷயம் இதுதான். ஒரு பொருளைப்போலவே சின்னதாக இன்னொன்று செய்வதற்கு அந்த மலையில் ஒரே ஒரு காரணம்தான் உண்டு. அதற்கு உருவாரம் என்று பெயர். மாட்டுக்குச் சீக்கு வந்தால் மண்ணில் மாடு செய்து கோயிலில் வைப்பார்கள். குழந்தை வேண்டுமென்றால் கைப்பிடி அளவில் தொட்டில் கட்டுவார்கள். கண்வலிக்குத் தகடில் கண் செய்து போடுவார்கள். எது வேண்டுமோ அதைச் சின்னதாகச் செய்துவைத்தால், பெரியது வந்து சேரும். பொழுதுபோக்கு என்ற சொல்லை நான் படித்த புஸ்தகங்களில் பார்த்திருக்கிறேன். மலையில் அதற்குச் சொல்லும் இல்லை, போக்கவேண்டிய பொழுதும் இல்லை. ஆறு மாதம் உட்கார்ந்து ஒரு மனிதர் லாரி செய்கிறார் என்றால், அவர் மலைக்கு லாரி வரவேண்டுமென்று நேர்ந்துகொண்டிருக்கிறார். லாரி வரவேண்டுமென்றால் ரோடு வரவேண்டும். ரோடு வந்தால்? தண்ணீர்க்கார அம்மாளுக்குச் சந்தோஷம். அவள் வீட்டுப் பலாப்பழம் இறங்குவதற்குள் பாதி அழுகிப்போகிறது. சுமைக்கவுண்டருக்கும் அவருடைய முப்பது பேருக்கும் அதோடு பிழைப்பு முடிந்தது.

தலையில் சுமை ஏற்றுமுன் துணியை வளையமாகச் சுற்றி வைத்துக்கொள்வார்களே, சும்மாடு, அதுதான் அவர்களுடைய நிலம், நீச்சு, எல்லாம். சாமை விளையாத வருஷத்தில் அந்த வளையம்தான் அவர்கள் வீட்டு அடுப்பை எரித்தது. ஓவர்சியர் சொன்ன சும்மாவுக்கும் அவர்கள் தலையிலிருந்த சும்மாட்டுக்கும் நடுவே ஓர் எழுத்துத்தான் வித்தியாசம் என்று நான் அப்போது ஒரு சிலேடை செய்து, அதை ரசிக்க ஆளில்லாமல் என் குறிப்பேட்டிலேயே எழுதிவைத்துக்கொண்டேன். அந்த ஓர் எழுத்தில் முப்பது குடும்பம் சாப்பிடுகிறது என்பது சிலேடை செய்யும்போது தோன்றவில்லை.

இதைவிட மோசமான தற்செயல் ஒன்றும் சேர்ந்துகொண்டது. அதே மாதம் கீழேயிருந்து எங்கள் இலாகாவின் கடிதம் வந்தது. மலைக்கு மோட்டார் செல்லும் பாதை போட முடியுமா என்று பார்த்து அறிக்கை அனுப்பவேண்டுமாம். மூன்று வாரம் சரிவு சரிவாக அலைந்தோம். ஓவர்சியர் சரிவு பார்க்கும் கருவியைக் கண்ணில் வைத்துக்கொள்ள, நான் அளவுக்கோலைப் பிடித்துக்கொண்டு முள்ளில் நிற்பேன். "அசையாதீர்" என்பார். நான் அசைந்ததில்லை, முள்தான் அசைந்தது. முடிவில், வளைத்து வளைத்து ஏற்றினால் பாதை போடலாம் என்று அவருக்குத் தெரிந்தது. அறிக்கையின் முதல் நகலை எழுதி, மேஜைமேல் வைத்து, காற்றுக்குப் பறக்காமலிருக்க அதன்மேல் லாரியைத் தூக்கிவைத்தார். கருவியைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்த சுமைக்காரர்கள், நடைபாதை ரிப்பேருக்குத்தான் அளக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். நாங்களும் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்துச் சுமைக்கவுண்டர் வந்தார். தலையில் சுமையில்லாமல் அவரைப் பார்ப்பது புதுசு. கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் நின்றார். ஓவர்சியர் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. லாரியைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தார். அதற்கடியிலிருந்த காகிதத்தை அவர் பார்க்கவில்லை.

"சாமி கோவிச்சுக்கப்படாது" என்று தொடங்கினார். "எங்களுக்கு ஆகாததை ஏனுங்க நேந்துக்கிட்டீங்க?"

"நான் எதுவும் நேந்துக்கலை கவுண்டரே. சும்மா செய்யறேன்."

"சரிதானுங்க. நேந்துக்கிட்டதை வாயால சொல்லப்படாது. நானும் கேக்கலீங்க. ஆனா பாருங்க, தொட்டில் கட்டுனா புள்ளை வருது. மண்ணுல மாடு வெச்சா மாடு பொழைக்குது. தாங்க லாரி செஞ்சா லாரிதானுங்களே வரும்? ஆடா வரும்?"

நான் குறுக்கே புகுந்து, காரண காரியம் பற்றி எனக்குத் தெரிந்ததையெல்லாம் பத்து நிமிஷம் விளக்கினேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். முடிந்ததும், "கண்ணு நல்லாப் பேசுது" என்று ஓவர்சியரிடம் சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். "இன்னும் என்ன பாக்கிங்க?"

"எல்லாம் முடிஞ்சுது. ஸ்டியரிங் ஒண்ணுதான். அதையும் செஞ்சுட்டேன், மாட்டணும்" என்று ஓவர்சியர் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். கொட்டாங்கச்சியில் அறுத்தெடுத்த ஒன்றரை அங்குல வளையம். குடைக்கம்பியில் நான்கு ஆரம். எண்ணெய் போட்டுத் தேய்த்துக் கருகருவென்று இருந்தது. கவுண்டர் அதைத் தொடாமல் குனிந்து பார்த்தார்.

"இது இல்லாட்டி வண்டி ஓடாதுங்களா?"

"ஓடும். திரும்பாது."

கவுண்டர் யோசித்தார். அவர் முகத்தில் மெதுவாக வெளிச்சம் வந்தது. "திரும்பாத வண்டி நம்ம மலையில ஏற முடியாதுங்களே" என்றார். "தாங்க செஞ்ச பாடும் வீணாக வேண்டாம். எங்க பொழைப்பும் போவ வேண்டாம். அதை மட்டும் மாட்டாம விட்டுருங்க சாமி. வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்."

ஒருநாள் அவகாசம் கேட்டு ஓவர்சியர் அவரை அனுப்பிவைத்தார். அன்று மாலை வெளிச்சம் இருக்கும்வரை அவர் அந்த வளையத்தை விரல்களுக்கிடையில் உருட்டிக்கொண்டே இருந்தார். நாலாவது லாரி, ஒரு திருகாணி முடுக்கினால் தீர்ந்தது. தாம் எதைக் கேட்டுவிட்டோம் என்பது கவுண்டருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் கேட்டிருப்பார், முப்பது குடும்பம். மறுநாள் அவர் வந்ததும், ஓவர்சியர் அவர் கண்ணெதிரிலேயே வளையத்தைக் காகிதத்தில் மடித்து, காலிப் பொடிடப்பா ஒன்றில் போட்டு மூடினார். "நீங்க மாட்டச் சொல்ற வரைக்கும் மாட்டமாட்டேன்" என்றார். கவுண்டர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "சார், அவர் பொம்மையைப் பார்த்துப் பயப்படறார். ரோடு வந்தா அந்த அறிக்கையாலதான் வரும். பொம்மையை நிறுத்திட்டு அறிக்கையை அனுப்பறது என்ன நியாயம்?" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "ரிப்போர்ட் சர்க்காருது. மலையில பாதை போட முடியும்னா முடியும்னுதான் எழுதணும். என் கையில ஒண்ணுமில்லை. லாரி என்னுது ஐயா. என்னுதை நிறுத்தத்தானே எனக்கு அதிகாரம்?" என்றார். பிறகு, "மூணு பிரதி எழுதும்" என்றார்.

மூன்று பிரதி எழுதினேன். என் கையெழுத்து அந்நாளில் பேர்போனது. அந்த வாரம் தபால் பையைக் கீழே கொண்டுபோகும் முறை சுமைக்கவுண்டருடையதாக அமைந்தது. சும்மாட்டைச் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு குனிந்து நின்றார். ஓவர்சியர் தாமே பையைத் தூக்கி வைத்துவிட்டு ஏதோ சொன்னார். மழைக்கு முன்னால் இறங்கிவிடுங்கள் என்றிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். முப்பது பேருடைய பிழைப்புக்கும் எதிரான அறிக்கையை, மூன்று பிரதிகளில், குண்டுகுண்டான எழுத்தில், அந்த முப்பது பேருடைய தலைவரே தலையில் சுமந்துகொண்டு துள்ளித் துள்ளி இறங்கிப் போவதை நான் வராந்தாவிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றேன். கனமே இல்லாத பை. அவர் நடையில் அப்படியொரு உல்லாசம்.

அறிக்கை கிடைத்ததாகவும் கோப்பில் சேர்க்கப்பட்டதாகவும் பதில் வந்தது. அவ்வளவுதான். ரோடு வரவில்லை. முதலில் நிதி இல்லை என்றார்கள், பிறகு அவசியம் இல்லை என்றார்கள், பிறகு கோப்பு இல்லை என்றார்கள். ஸ்டியரிங் மாட்டாததால்தான் வரவில்லை என்பது மலையில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஒவ்வொரு வருஷமும் முதல் பலாப்பழம் ஓவர்சியர் வாசலில் வந்து இறங்கியது. அவருக்குக் கீழே மாற்றலான பிறகு சேலத்துக்கே வந்து இறங்கியது. இந்த முறை மூட்டை கட்டியதில் லாரி நசுங்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு மலையிறங்கினார்.

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவர் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் அது நின்றது. நான் போகும்போதெல்லாம் பார்ப்பேன். வருகிறவர்கள் எல்லாரும் வியந்துவிட்டுக் கடைசியில், "ஸ்டியரிங் எங்கே?" என்பார்கள். "வரணும்" என்பார் ஓவர்சியர், ரயிலைப்பற்றிச் சொல்வதுபோல. வேறு லாரி எதையும் அவர் தொடவில்லை. ஐந்தாவதைத் தொடங்கலாமே என்று நான் ஒருமுறை சொன்னதற்கு, "நாலாவது நிலுவையில் இருக்கே" என்றார். அரமும் ரம்பமும் துருப்பிடித்துப் போயின. ஞாயிற்றுக்கிழமைகளில் பத்திரிகையை இரண்டு தடவை படித்துவிட்டு, மூன்றாம் தடவைக்கு ஆரம்பிப்பார். அவர் வீட்டு அம்மாள் என்னிடம் ஒருநாள், "மலையில அவருக்கு என்னமோ பண்ணி அனுப்பிட்டாங்க தம்பி" என்றார். பண்ணியவர்களில் நானும் ஒருவன் என்று நான் சொல்லவில்லை.

சென்ற மாதம் எனக்கு மறுபடியும் மலையேறும் பாக்கியம் கிடைத்தது. பங்களாவின் நாற்காலி மேஜைகளைச் சரிபார்க்கவேண்டுமாம். என்னைவிட இளையவர்கள் எல்லாருக்கும் அன்று காய்ச்சல். ஏறினேன் என்று எழுதினால் ஏறுவதற்கு அவமானம். பெட்டியைத் தூக்க ஆள் தேடியபோதுதான் சுமைக்காரர்கள் எட்டுப் பேர்தான் பாக்கி என்று தெரிந்தது. மேலே போனதும் சுமைக்கவுண்டரைப் பார்க்கப் போனேன். அறுபது வயது, சுமப்பதை விட்டாயிற்று, அந்தக் கழுத்து மட்டும் இளைக்கவில்லை. என் வழுக்கையைப் பார்த்துவிட்டு, "அட, நம்ம புஸ்தகக் கண்ணு! ஊட்டுக்குள்ள வாங்க. மசுரையும் படிச்சுத் தீத்துட்டீங்களா?" என்றார்.

மற்றவர்கள் எங்கே என்று கேட்டேன். "கீழதானுங்க" என்று சிரித்தார். "ரெண்டு பேரு லாரிக்குக் கிளீனரு. நாலஞ்சு பேரு மண்டியில லாரிக்கு மூட்டை ஏத்தறானுங்க. இப்ப இந்த யுத்தத்துல பெட்ரோலு கெடைக்காமக் கரியப் போட்டு ஓட்டறாங்களாம்ல, அதுக்குக் கரி தள்ள ஒருத்தன். லாரி இங்க வரப்படாதுன்னு நான் தடுத்து வெச்சேன். இவனுங்க லாரியத் தேடிப் போயிட்டானுங்க. நேந்துக்கிட்டதுல எங்கியோ கோளாறு."

இருபது வருஷமாக என் வயிற்றில் கிடந்ததை அன்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு அவர் தலையில் இறங்கிய பையில் ரோடு போடச் சொல்லும் அறிக்கை இருந்தது, அதை எழுதியது இந்தக் கை என்றேன். சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தெரியுமுங்க கண்ணு" என்றார் அவர்.

"தெரியுமா?"

"ஓவர்சியர் சாமி அப்பவே சொல்லிட்டாருங்களே. பையைத் தூக்கித் தலையில வெக்கறப்பவே, 'கவுண்டரே, இதுக்குள்ள உங்க ரோடு இருக்குது. அப்புறம் நான் சொல்லலைன்னு சொல்லாதீங்க' அப்படின்னாரு."

"பள்ளத்துல போட்டிருக்கலாமே!"

"ஒத்துக்கிட்ட சுமையை வழியில போடறதுங்களா?" என்று அவர் முகம் சுளித்தார். பிறகு என்னைத் தேற்றுவதுபோலச் சொன்னார். "அதுவுமில்லாம, காயிதந்தானுங்களே. இந்தத் தலையில எத்தனை பை இறக்கியிருக்கறேன். ஒண்ணாவது பலிச்சுதுங்களா? காயிதம் போனாப் போவட்டும், லாரி முடியாம இருந்தாச் செரின்னு இருந்துட்டேன்."

என் இருபது வருஷ உத்தியோகத்தைப்பற்றி இத்தனை சுருக்கமான மதிப்புரையை வேறெவரும் எழுதவில்லை. புறப்படும்போது வாசல்வரை வந்தார். அந்த வளையம் இன்னும் டப்பாவில்தான் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன், அதன் பிறகு ஓவர்சியர் வேறெதுவும் செய்யவில்லை என்பதையும் சொன்னேன். அவர் சிரிப்பு நின்றுவிட்டது. "அது எனக்குத் தெரியாதுங்களே" என்றார். வாசலைத் தாண்டி என்னோடு நாலடி நடந்துவந்து, "மாட்டிக்கச் சொல்லுங்க கண்ணு. நாஞ் சொன்னேன்னு சொல்லுங்க. என்ன வந்தாலும் வரட்டும்" என்றார்.

மலையிறங்கியதும் நேராகச் சேலம் போனேன். நான் வாழ்க்கையில் கொண்டுபோன ஒரே நல்ல செய்தி அதுதான். அதனால் பஸ்ஸில் இரண்டு தடவை ஒத்திகை பார்த்துக்கொண்டேன். ஓவர்சியர் முழுவதையும் கேட்டார். எழுந்துபோய் அலமாரியைத் திறந்து லாரியை எடுத்து மேஜைமேல் வைத்தார். பொடிடப்பாவைத் திறந்து காகிதத்தைப் பிரித்தார். கொட்டாங்கச்சி வளையம் அன்றுபோலவே கருப்பாக மின்னியது. திருகாணியும் கூடவே இருந்தது. அந்த அம்மாள் சமையலறை வாசலில் வந்து நின்றார். ஓவர்சியர் வளையத்தை ஸ்டியரிங் தண்டின்மேல் வைத்தார். சரியாகப் பொருந்தியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, திருப்புளியைக் கையிலெடுத்தார். எடுத்தவர் அப்படியே என் பக்கம் திரும்பினார்.

"இன்னும் எத்தனை பேர் சுமக்கறாங்கன்னீர்?"

"எட்டுப் பேர்."

திருப்புளியைக் கீழே வைத்தார். "கவுண்டர் சரின்னுட்டார். அவர்தான் இப்பச் சுமக்கறதில்லையே. அந்த எட்டுப் பேரைக் கேட்டீரா?"

நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை. வாக்குக் கொடுத்தது கவுண்டருக்கு, விடுவித்தது கவுண்டர், இதற்குமேல் என்ன என்று என் படிப்பையெல்லாம் திரட்டி வாதாடினேன். பொம்மைக்கும் ரோட்டுக்கும் சம்பந்தமில்லை என்பதை அவருக்கே விளக்கினேன். அவர் என்னை அன்றைக்குக் கவுண்டர் பார்த்தாரே, அதே மரியாதையோடு பார்த்தார். "சம்பந்தமில்லைதான். ஆனா கேட்டுட்டு வாரும்" என்று வளையத்தைக் கழற்றி மறுபடியும் டப்பாவுக்குள் போட்டார். அந்த அம்மாள் உள்ளே போய்விட்டார்.

மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. அந்த எட்டுப் பேரில் நால்வர் ஆலத்தூர் நாட்டில் இருக்கிறார்கள், மூவர் வாழவந்தி நாட்டில், ஒருவர் எடப்புளி நாட்டில். எட்டுப் பேரையும் வீடு தேடிப்போய்க் கேட்கவேண்டும். ஓவர்சியருக்கு அறுபத்தைந்தாகிவிட்டது, கையும் லேசாக நடுங்குகிறது, தாமதிக்கக்கூடிய காரியமல்ல. எனக்கோ சென்ற மாதம் ஏறியதில் வலது முழங்கால் வீங்கி இன்னும் வடியவில்லை. மலைக்கு ஒரு ரோடு மட்டும் இருந்திருந்தால், இந்நேரம் கேட்டுவிட்டு வந்திருப்பேன்.